பைட் வரிசை மாறினால் 14,320 டிகிரி

உங்கள் கணினியின் எஸ்எஸ்டி இப்போது எவ்வளவு சூடாக இருக்கிறது? லினக்ஸ் டெர்மினலில் 'என்விஎம்இ ஸ்மார்ட்-லாக்' என்ற கட்டளையைக் கொடுத்தால் வெப்பநிலை, இதுவரை எழுதிய தரவின் அளவு, தேய்மானம் எல்லாம் வரிசையாக வரும். என்விஎம்இ-சிஎல்ஐ என்ற இந்தக் கருவி சி மொழியில் எழுதப்பட்டது. மூலநிரல் திறந்தே இருப்பதால் யாரும் திருத்தம் அனுப்பலாம்.

இப்படித் திறந்த நிரல்களுக்குப் பங்களிப்பவர்கள் பெங்களூருவிலும் உண்டு; அங்கே சாம்சங்கின் செமிகண்டக்டர் ஆய்வு மையம் இருக்கிறது. எஸ்எஸ்டிக்கான என்விஎம்இ கட்டளைகளை லினக்ஸின் ஐஓ-யூரிங் இடைமுகம் வழியே நேராக அனுப்பும் வசதி 2022இல் லினக்ஸ் 5.19இல் சேர்ந்தபோது, அந்த மையத்துப் பொறியாளர்களின் உழைப்பும் அதில் இருந்தது. அப்படிப்பட்ட புது வசதிகள் பேசப்படுகின்றன. நிரலைத் துப்புரவு செய்யும் சின்னச் சின்னப் பேட்ச்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் திரையில் வரும் எண்ணை நாம் நம்புவது அவற்றால்தான்.

எஸ்எஸ்டி தரும் அறிக்கை வெறும் 512 பைட். அதில் வெப்பநிலைக்கு இரண்டு பைட், அதுவும் கெல்வினில். 40 டிகிரி செல்சியஸ் என்றால் 313 கெல்வின். சிறிய இடமதிப்புள்ள பைட் முதலில் வரும் என்பது விதி: 57, பிறகு 1. அதாவது 57 + (1 × 256). இன்டெல் சிப்பும் இதே வரிசையில் படிப்பதால், பைட் வரிசையை மாற்றச் சொல்லும் வரியை நிரலாளர் மறந்தாலும் விடை சரியாகவே வரும். வரிசையைத் தலைகீழாகப் படிக்கும் ஐபிஎம் மெயின்ஃபிரேமில் அதே நிரல் ஓடினால் 313 என்பது 14,593 ஆகிவிடும், செல்சியஸில் 14,320! எழுதியவரின் மேசையில் இந்த பக் ஒருநாளும் தெரியாது. அதனால்தான் ஒவ்வொரு எண்ணுக்கும் வரிசை மாற்றம் இருக்கிறதா என்று ஒருவர் பொறுமையாகத் தேட வேண்டியிருக்கிறது.

அதே அறிக்கையில், எழுதிய தரவின் அளவைச் சொல்லும் எண் 128 பிட். பழைய பதிப்புகள் அதை மிதவைப் புள்ளி எண்ணாக மாற்றி அச்சிட்டன. எண் மிகப் பெரிதானால் கடைசி இலக்கங்கள் தோராயமாகிவிடும். பிறகு, மீண்டும் மீண்டும் பத்தால் வகுத்து ஒவ்வோர் இலக்கத்தையும் சரியாக எடுக்கும் சிறு ஃபங்ஷன் வந்தது.

இதே கருவியில் 'ஃபார்மட்' கட்டளையும் உண்டு. டிரைவின் பெயரில் ஓர் எண் மாறினால் வேறொரு டிரைவின் தரவு முழுதும் போய்விடும். அதனால் இப்போது எந்த டிரைவை அழிக்கப்போகிறது என்று சொல்லிவிட்டு, கன்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்துவதற்கு 10 விநாடி காத்திருக்கிறது. நிரலில் சில வரிகள்தான். எழுதியவருக்கு நன்றி சொல்ல வேண்டியவர்கள் ஏராளம்.