இருபத்தெட்டு முதல் யூ-கி-ஓ வரை

யூ-கி-ஓ என்ற ஜப்பானியப் பெயருக்கு ‘விளையாட்டுகளின் அரசன்’ என்று பொருள். கசுகி தகாஹாஷி எழுதி வரைந்த இந்த மங்கா, 1996 முதல் 2004 வரை ஜப்பானின் ‘வீக்லி ஷோனன் ஜம்ப்’ இதழில் தொடராக வந்தது. யூகி முத்தோ என்ற கூச்ச சுபாவமுள்ள பள்ளி மாணவன் பழங்கால எகிப்தியப் புதிர் ஒன்றைப் பொருத்தி முடிக்கிறான். அதில் அடைபட்டிருந்த பண்டைய மன்னரின் ஆவி அவனுள் இறங்குகிறது. பிறகு வரும் பகைவர்களை எல்லாம் யூகி வெல்வது விளையாட்டுகளின் வழியாகத்தான்.

கதையில் வந்த பல விளையாட்டுகளில் சீட்டாட்டமும் ஒன்று. வாசகர்களுக்கு அது மிகவும் பிடித்துப்போனதால் தொடரின் மையமே அதுவாயிற்று. கோனாமி நிறுவனம் 1999 பிப்ரவரியில் அதைக் காகிதச் சீட்டுகளாக வெளியிட்டது. 2011 மார்ச் வரை விற்ற சீட்டுகள் 2,500 கோடிக்கும் மேல் என்று கின்னஸ் பதிவு சொல்கிறது. இந்தச் சீட்டுகள் கடைக்கு வருவதற்கு முன்பே, 1998 டிசம்பரில், நின்டெண்டோவின் கேம் பாய் கருவிக்கு ‘டூயல் மான்ஸ்டர்ஸ்’ என்ற வீடியோ கேமை கோனாமி வெளியிட்டிருந்தது. அதாவது, இந்தச் சீட்டாட்டத்தில் காகிதமும் திரையும் தொடக்கத்திலிருந்தே சேர்ந்து வளர்ந்தவை.

சீட்டுக்கட்டு ஜப்பானுக்குப் போன கதைக்கும் கொச்சிக்கும் தொடர்பு உண்டு. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியரின் கீழைக் கடல் வணிகம் கோவா, கொச்சி, மலாக்கா, மக்காவ் ஆகிய துறைமுகங்களை நம்பி நடந்தது. மட்டாஞ்சேரி அரண்மனையைக் கட்டி 1555-இல் கொச்சி மன்னருக்கு அளித்தவர்களும் அவர்களே. அதற்கு 12 ஆண்டுகள் முன்பு, 1543-இல், போர்த்துக்கீசிய வணிகர்கள் முதன்முதலாக ஜப்பானின் தானேகஷிமா தீவை அடைந்திருந்தனர். அவர்களுடன் போன சீட்டுக்கட்டை ஜப்பானியர் ‘கருத்தா’ என்றார்கள். போர்த்துக்கீசியரின் ‘கார்ட்டா’ என்ற சொல்தான் அது. சூதாட்டத்தைத் தடுக்க அரசு தடை விதிக்கும்போதெல்லாம் ஜப்பானியர் புதுப்புது வடிவங்களில் சீட்டுகளை உருவாக்கினர். மாதத்துக்கு ஒரு மலர் அல்லது மரம் என்று 48 சீட்டுகள் கொண்ட ‘ஹனஃபுதா’ அப்படிப் பிறந்தது. 1889-இல் கியோத்தோ நகரில் ஹனஃபுதா தயாரிக்கத் தொடங்கிய சிறு நிறுவனம்தான் நின்டெண்டோ. சரியாக 100 ஆண்டுகள் கழித்து அதே நிறுவனம் வெளியிட்ட கேம் பாய் கருவியில்தான் யூ-கி-ஓ சீட்டாட்டம் முதலில் திரையேறியது.

கொச்சியை 1663-இல் டச்சுக்காரர்கள் கைப்பற்றினார்கள். மட்டாஞ்சேரி அரண்மனையைப் பழுதுபார்த்ததால் ‘டச்சு அரண்மனை’ என்ற பெயரும் அதற்கு வந்தது. சீட்டாட்டத்திலும் அவர்களின் தடம் உண்டு: தமிழிலும் மலையாளத்திலும் வழங்கும் ‘கிளாவர்’ என்ற சீட்டு இனப் பெயர் டச்சு மொழியின் ‘கிளாவர்’தான். கேரளமெங்கும் ஆடப்படும் ‘இருபத்தெட்டு’ ஆட்டத்தில் ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் தலா 1 என்று மதிப்பெண். ஓர் இனத்துக்கு 7. நான்கு இனத்துக்கும் சேர்த்து 28. ஜாக்கியையும் ஒன்பதையும் மேலே வைக்கும் இந்த வழக்கம் டச்சுச் சீட்டாட்டங்களிலும் உண்டு. ஈழத் தமிழர் ஆடும் ‘முந்நூற்று நான்கு’ம் இதே குடும்பம்தான்.

இருபத்தெட்டு ஆட விதிப்புத்தகம் வேண்டியதில்லை. திண்ணையில் நான்கு பேர் ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து சில நாள் பார்த்தால் போதும். 32 சீட்டுகளுக்கும் ஒரே விதி என்பதால் ஆட்டம் முழுவதும் நினைவிலேயே நிற்கிறது. யூ-கி-ஓ அப்படியல்ல. பெரும்பாலான சீட்டுகளில் அதற்கதற்கென்று தனி விதி அச்சிடப்பட்டிருக்கும். சீட்டுகளோ பத்தாயிரத்துக்கும் மேல். ஒன்றின் விதி மற்றொன்றின் விதியோடு மோதும்போது எது செல்லும், எது செல்லாது என்று சொல்ல ஒரு நடுவர் தேவை. வீடியோ கேம் அந்த நடுவர் வேலையைச் செய்கிறது.

ஒரு சுற்றைப் பார்த்தால் இது விளங்கும். இருவரும் 8,000 புள்ளிகளோடு தொடங்குகிறார்கள். எதிராளி 3,000 வலிமையுள்ள ‘புளூ ஐஸ் ஒயிட் டிராகன்’ சீட்டால் தாக்குகிறார். ஆட்டக்காரரிடம் இருப்பது 2,500 வலிமையுள்ள ‘டார்க் மெஜிஷியன்’. ஆனால் அவர் ‘மிரர் ஃபோர்ஸ்’ என்ற பொறிச் சீட்டைக் கவிழ்த்து வைத்திருக்கிறார். அதைத் திறந்தால் தாக்கும் நிலையிலுள்ள எதிரிச் சீட்டுகள் எல்லாம் அழியும். திறக்கிறார். உடனே எதிராளி 1,000 புள்ளிகளை இழந்து, பொறிகளைச் செயலிழக்கச் செய்யும் ‘செவன் டூல்ஸ் ஆஃப் தி பேண்டிட்’ சீட்டைத் திறக்கிறார். அடுக்கிய தட்டுகளில் கடைசியாக வைத்ததை முதலில் எடுப்பதுபோல, கடைசியாகத் திறந்த சீட்டே முதலில் செயல்படும். எனவே பொறி வீணாகிறது. டிராகன் மெஜிஷியனை வீழ்த்துகிறது. வலிமை வேறுபாடான 500 ஆட்டக்காரரின் கணக்கில் கழிந்து 7,500 ஆகிறது, எதிராளியிடம் 7,000. மேசையில் இருவரும் பேசித் தீர்க்க வேண்டிய இந்தக் கணக்கைத் திரை நொடியில் முடித்துவிடுகிறது.

தொடக்ககால கேம்களில் இத்தனை நுணுக்கம் இல்லை. 1999-இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த ‘ஃபர்பிடன் மெமரீஸ்’ இரு சீட்டுகளை இணைத்து வலிமையான மூன்றாவதைப் பெறும் உத்தியையே பெரிதும் நம்பியது. காகிதச் சீட்டின் இடது கீழ் மூலையில் உள்ள எட்டிலக்க எண்ணை உள்ளிட்டு, அந்தச் சீட்டைக் கேமுக்குள் பெறும் வசதியும் இருந்தது. புளூ ஐஸ் டிராகனின் எண் 89631139. 2001-இல் கேம் பாய் அட்வான்ஸுக்கு வந்த ஒரு கேம்தான் காகித ஆட்டத்தின் முழு விதிகளை நெருக்கமாகப் பின்பற்றியது.

கைபேசிக் காலத்தில் இரண்டு கேம்கள் முக்கியமானவை. 2016-இல் ஜப்பானிலும் 2017 ஜனவரியில் பிற நாடுகளிலும் வந்த ‘டூயல் லிங்க்ஸ்’, 4,000 புள்ளிகளும் 20 முதல் 30 சீட்டுகளும் கொண்ட விரைவு ஆட்டம். 2022 ஜனவரியில் வந்த ‘மாஸ்டர் டூயல்’ முழு விதிகளோடும் 40 முதல் 60 சீட்டுகளோடும் ஆடப்படுவது. இரண்டையும் இலவசமாகத் தரவிறக்கலாம். ஆனால் புதிய சீட்டுப் பொதிகளை வாங்க ‘ஜெம்’ எனும் மணிகள் வேண்டும். ஆடியும் சேர்க்கலாம், பணம் கொடுத்தும் வாங்கலாம். பொதிக்குள் என்ன சீட்டு வரும் என்பது திறந்தால்தான் தெரியும். மாஸ்டர் டூயலில் வேண்டாத மூன்று அரிய சீட்டுகளைக் கலைத்தால், அதே தரத்தில் வேண்டிய சீட்டு ஒன்றைச் செய்துகொள்ளலாம். பணம் செலவழிக்காமல் ஆட நினைப்பவர்களும், கைபேசியைப் பிள்ளைகளிடம் தரும் பெற்றோரும் இந்த முறையைத் தெரிந்துகொள்வது நல்லது.

தகாஹாஷி 2022 ஜூலையில் ஒகினாவா கடலில் உயிரிழந்தார். நீரோட்டத்தில் சிக்கியவர்களைக் காப்பாற்ற அவர் கடலில் இறங்கியதாகச் சில மாதங்கள் கழித்துச் செய்தி வெளியானது. 2025 பிப்ரவரியில் கோனாமி பழைய கேம் பாய், கேம் பாய் அட்வான்ஸ் கேம்கள் பதினான்கைத் தொகுத்து நின்டெண்டோ ஸ்விட்ச் கருவிக்கும் கணினிக்கும் வெளியிட்டது. 1998-இல் ஜப்பானில் மட்டும் வெளியான முதல் ‘டூயல் மான்ஸ்டர்ஸ்’ அந்தத் தொகுப்பின் வழியாகவே மற்ற நாட்டு ஆட்டக்காரர்களின் கைக்கு முறையாக வந்து சேர்ந்தது.