அரை கிளாஸ் தண்ணீரும் வாரன்டியும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நெல்லைச் சீமையில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய சென்னை ரயில் ஸ்ரீவைகுண்டத்தோடு நின்றது. குறுக்குத்துறை முருகன் கோயிலை முழுக்காட்டிய தாமிரபரணி, கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீசையும் விட்டுவைக்கவில்லை. தெருவில் நின்ற கார்கள் எம்மாத்திரம்?

மூழ்கிய காரைப் பார்த்ததும் விவரமான மெக்கானிக் முதலில் சொல்வது இதைத்தான்: “செல்ஃப் மட்டும் அடிச்சிராதீய அண்ணாச்சி!”

ஏன் அப்படி? காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. 1,200 சிசி, 3 சிலிண்டர் டர்போ பெட்ரோல் காரை எடுத்துக்கொள்வோம். ஒரு சிலிண்டருக்கு 400 சிசி. அமுக்க விகிதம் 10:1 என்றால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதன் தலைக்கு மேல் மிஞ்சும் இடம் 44 மில்லிதான். டீக்கடை கிளாஸில் பாதி. அதற்குமேல் தண்ணீர் உள்ளே இருந்தால் பிஸ்டன் மேலே போக வழியில்லை. கிராங்க் ஷாஃப்ட்டோ தள்ளிக்கொண்டே இருக்கும். நடுவில் மாட்டிக்கொள்வது கனெக்டிங் ராடு. டீசல் இன்ஜினில் அமுக்கம் இன்னும் அதிகம் என்பதால் மிஞ்சும் இடம் இன்னும் குறைவு.

ஓடுகிற வேகத்தில் தண்ணீரை இழுத்தால் ராடு ஒடிந்து இன்ஜின் பிளாக்கையே துளைத்துக்கொண்டு வெளியே வரலாம். அப்போது சந்தேகமே இல்லை, கதை முடிந்தது. கொஞ்சமாக இழுத்தால்தான் வம்பு. ராடு ஒரு மில்லிமீட்டர் வளைந்திருக்கும். கார் ஸ்டார்ட் ஆகும், ஓடும், நாமும் மறந்துவிடுவோம். டர்போ காரில் முன் பம்பருக்குப் பின்னால் தாழ்வாக உட்கார்ந்திருக்கும் இன்டர்கூலரில் தேங்கிய தண்ணீர், நாலுவழிச் சாலையில் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது மொத்தமாக உள்ளே போவதும் உண்டு. வளைந்த ராடு ஒவ்வொரு சுற்றிலும் பக்கவாட்டில் இழுபட்டு, வாரக்கணக்கில் களைத்து, ஒருநாள் வெயிலடிக்கும் சாலையில் ஒடியும். மழைக்கும் அதற்கும் சம்பந்தம் இருப்பதாக யாருக்குத் தோன்றும்?

‘புது வண்டி, இன்ஜின் போச்சு, வாரன்டியில் மாற்றிக்கொடு’ என்பார் உரிமையாளர். ‘தண்ணீர் போயிருக்கிறது, வாரன்டி கிடையாது’ என்பார்கள் சர்வீஸ் சென்டரில். தயாரிப்புக் குறைக்குத்தான் வாரன்டி. வெள்ளம் இன்சூரன்ஸ் கணக்கு. அதிலும் நனைந்த வண்டியை ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதத்துக்கு, இன்ஜின் பாதுகாப்புக்கென்று தனியாகப் பணம் கட்டியிருந்தால் ஒழியப் பெரும்பாலும் கைவிரித்துவிடுவார்கள்.

ஆனால் வளைந்த ராடு எல்லாம் தண்ணீரால் வளைந்தது அல்ல. நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் டர்போ இன்ஜின்களில், குறைந்த வேகத்தில் பாரம் ஏறும்போது, ஸ்பார்க் பிளக் பொறி தருவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் கோளாறு ஒன்று உண்டு. அந்த அழுத்தம் பிஸ்டனை உடைக்கும், ராடையும் வளைக்கும். எண்ணெய்த் துளிகளுக்கும் இதில் பங்குண்டு. 2020-இல் வந்த ‘ஏபிஐ எஸ்பி’ தர இன்ஜின் ஆயிலுக்கு இதற்கென்றே ஒரு சோதனை இருக்கிறது.

யார் செய்த குற்றம் என்பதை இன்ஜினைப் பிரித்தால் பார்க்கலாம். ஏர் ஃபில்டரின் மடிப்புகளில் வண்டல் கோடு இருக்கிறதா? சிலிண்டர் சுவரின் மேல்விளிம்பில் படியும் கரி வளையம் மற்ற சிலிண்டர்களைவிட அகலமாக இறங்கியிருக்கிறதா? அப்படியென்றால் ராடு குட்டையாகி, பிஸ்டன் உச்சியைத் தொடாமலே ஓரளவு காலம் ஓடியிருக்கிறது. வண்டலும் துருவும் இல்லாமல், பிஸ்டனின் வளையப் பள்ளங்களுக்கு இடையிலான மேடு மட்டும் நொறுங்கியிருந்தால் தண்ணீர்மேல் பழிபோடுவதை நான் நம்பமாட்டேன்.

இன்ஜின் போனதற்காகப் புதுக் காரே வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல்: மாருதி உத்யோக் வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம், வாரன்டி பழுதான பாகத்துக்குத்தான், முழுக் காருக்கு அல்ல என்று சொல்லிவிட்டது. இன்ஜினையும் மறுத்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். பழுதான பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கச் சொல்ல அதற்கு அதிகாரம் உண்டு.

அனுப்புவதற்குப் பொருள் மிஞ்சியிருக்க வேண்டுமே! இன்ஜினைப் பிரிக்கும் நாளில் பக்கத்தில் நில்லுங்கள். ஏர் ஃபில்டரையும் கரி வளையத்தையும் போட்டோ எடுங்கள். வளைந்த ராடைப் பழைய இரும்புக்குப் போட விடாதீர்கள்.