நாபே: கொதிக்கும் பானையைச் சுற்றி

குளிர்காலத்தில் ஜப்பானுக்குப் பயணம் செய்வோர் 'ரியோகான்' எனப்படும் மரபுவழி விடுதிகளில் தங்கினால், இரவு உணவின் ஒரு பகுதி சமைக்கப்படாமலேயே தம்முன் வைக்கப்படுவதைக் காணலாம். பாய் விரித்த அறையில் தாழ்வான மேசை, அதன்மேல் சிறிய அடுப்பு, அடுப்பின்மேல் மண்பானை. அருகிலுள்ள தட்டில் சீன முட்டைக்கோசு, வெங்காயத்தாள், காளான், டோஃபு என்னும் சோயாக்கட்டி, மீன் அல்லது இறைச்சித் துண்டுகள். உண்பவரும் சமையலில் பங்குகொள்ளும் இவ்வுணவுக்கு 'நாபே' என்று பெயர். அச்சொல்லுக்குப் பானை என்பதே பொருள்.

நாபேயின் உயிர் அதன் சாற்றில் உள்ளது. 'கொம்பு' என்னும் அகன்ற கடற்பாசியை நீரில் ஊறவைத்து, மெல்லச் சூடாக்கி இதனை வடிப்பர். 1908ஆம் ஆண்டில் டோக்கியோவைச் சேர்ந்த வேதியியல் பேராசிரியர் கிகுனாயே இகேதா இச்சாற்றை ஆராய்ந்து, அதன் சுவைக்குக் குளுட்டமேட் என்னும் பொருளே காரணம் எனக் கண்டறிந்தார். இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு ஆகியவற்றுள் அடங்காத அச்சுவைக்கு 'உமாமி' எனப் பெயரிட்டார். அறுசுவை அறிந்த நாவுக்கு இஃது ஏழாவதாகத் தோன்றக்கூடும்.

பானையில் இடுவதற்கும் ஒரு முறை உண்டு. வேகத் தாமதமாகும் தண்டும் கிழங்கும் முதலில், இலைகள் பின்னர். டோஃபுவை நெடுநேரம் கொதிக்கவிட்டால் அதன் மென்மை கெடும். இம்முறை பிறழாமல் காப்பதாக எண்ணிக்கொண்டு, "இன்னும் வேகவில்லை, எடுக்காதே" என்று மற்றவர்க்குக் கட்டளையிடும் ஒருவர் எந்தக் கூட்டத்திலும் இருப்பார். அவரை ஜப்பானியர் 'நாபே புக்யோ' என்று கேலி செய்வர். புக்யோ என்பது பழங்கால அரசு அதிகாரியின் பதவிப்பெயர். பானைக்கும் ஓர் அதிகாரி!

வீடுகளிலும் உணவகங்களிலும் பெரிய பானை ஒன்றே பலர்க்கும் பொதுவாக வைக்கப்படும். விடுதிகளில் ஆளுக்கொரு சிறு பானை வைப்பதும் உண்டு. பொதுப்பானையில் இருந்து எடுப்பதற்குத் தனிக் குச்சிகளோ கரண்டியோ இருந்தால் அவற்றையே பயன்படுத்த வேண்டும். எடுத்ததைத் தம் கிண்ணத்தில் இட்டு, சற்று ஆறிய பின் உண்பர்.

சைவ உணவினர் ஒன்றைக் கருத்தில் கொள்ளுதல் நலம். தட்டில் காய்கறி மட்டுமே இருப்பினும், சாற்றில் 'கட்சுவோபுஷி' என்னும் உலர்மீன் சீவல் கலந்திருக்கலாம். தொட்டுக்கொள்ளும் சாறும் அத்தகையதே. ஆதலால் விடுதியில் இடம் பதிவு செய்யும்போதே இதனைத் தெரிவித்துவிட வேண்டும். உணவு வந்த பின் கேட்டால் மாற்றுவது அரிது. கியோட்டோ நகரில் புகழ்பெற்ற 'யுதோஃபு' என்னும் நாபேயில், கொம்பு இட்ட நீரில் டோஃபுவை மட்டும் சூடாக்கித் தருவர். அங்கும் தொடுசாற்றைப் பற்றிக் கேட்டறிவதே முறை.

காய்களும் கறியும் தீர்ந்தபின் அடுப்பை அணைத்துவிடுவதில்லை. எல்லாவற்றின் சுவையும் இறங்கிய சாறு பானையின் அடியில் எஞ்சியிருக்கும். அதில் சோற்றை இட்டு, முட்டையை அடித்து ஊற்றிக் கஞ்சிபோல் குழைய வேகவைப்பர். இதற்கு 'ஜோசுய்' என்று பெயர். வயிறு நிறைந்துவிட்டது என்று முன்னரே குச்சிகளைக் கீழே வைத்தவர்களும் இதற்காக மீண்டும் கிண்ணத்தை நீட்டுவர்.