வாசல் தேடி வந்தவர்கள் – 12: பத்தாவது ஆள்

தமிழ்நாட்டிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ கோலாலம்பூருக்கு வேலைக்கு வந்து இறங்குகிறவர், முதல் வெள்ளிக்கிழமை எங்கே போய்க் கும்பிடுவது என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை. கே.எல். சென்ட்ரலில் யாரைக் கேட்டாலும் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் கை காட்டுவார்கள். அதே கே.எல். சென்ட்ரலில் ஒரு யூதர் வந்து இறங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏதோ பன்னாட்டு நிறுவனத்தில் இரண்டு வருட ஒப்பந்தத்தில் வந்த பொறியாளர். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் அவருக்கு ஓய்வுநாள் தொடங்கிவிடும். அவர் போவதற்கு இந்த நகரத்தில் ஜெப ஆலயம் கிடையாது. இன்றைய மலேசியாவில் எங்குமே கிடையாது.

பதினொரு வாரமாக நம்முடைய வாசல்களைப் பற்றி எழுதி வருகிறேன். இந்த வாரம் மூடிப்போன ஒரு வாசலைப் பற்றி எழுதப் போகிறேன். புதிதாக வருகிறவரை வரவேற்பது என்றால் என்ன என்ற கேள்விக்கு அந்த வாசல் நமக்குச் சொல்வது நிறைய இருக்கிறது.

பினாங்கில் ஒரு ஜெப ஆலயம் இருந்தது. ஜார்ஜ்டவுனில், நம் நாகூரின் பெயரைத் தாங்கிய ஜாலான் நாகூரில், 28ஆம் எண் கட்டடம். 1929இல் திறந்தார்கள். ஆனால் கதை அதற்கும் முன்பே, ஒரு வீட்டில் தொடங்குகிறது. 1895இல் பாக்தாதிலிருந்து எசக்கியேல் மனாசே என்பவர் பினாங்குக்குக் குடிவந்தார். முப்பது வருடம் மலாயாவில் நிலையாகத் தங்கி, மார்க்கத்தை விடாமல் கடைப்பிடித்த ஒரே யூதன் நான்தான் என்று பின்னாளில் அவர் சொல்லிக்கொண்டார். அவர் வீட்டு அடுப்பில் யூத நெறிப்படியான உணவுதான் வெந்தது. அந்த வழியாக வந்த யூதப் பயணிகளுக்கு அங்கே சாப்பாடு உண்டு. கோயில் இல்லாத ஊரில் அந்தச் சாப்பாட்டு மேசைதான் கோயிலாக இருந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகுதான் ஓரளவு குடும்பங்கள் சேர்ந்தன. அதற்கும் சில ஆண்டுகள் கழித்துத்தான் ஜாலான் நாகூரில் கதவு திறந்தது. ஒரு சமூகம் கட்டடத்திலிருந்து தொடங்குவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

1976இல் அந்தக் கதவு மூடப்பட்டது. யாரும் இடித்துத் தள்ளவில்லை. பத்துப் பேர் சேரவில்லை, அவ்வளவுதான்.

இந்தப் பத்துக் கணக்கைக் கொஞ்சம் விளக்க வேண்டும். யூத மரபில் தனியாக ஜெபிக்கலாம், தடை இல்லை. ஆனால் தோராச் சுருளை எடுத்துச் சபையில் முறையாக வாசிப்பதற்கும், செத்தவர்களுக்காகச் சொல்லும் கதீஷ் ஜெபத்துக்கும் பதின்மூன்று வயது நிரம்பிய பத்து ஆண்கள் கூடியாக வேண்டும். மின்யான் என்பார்கள். இன்று சீர்திருத்தப் பிரிவுகளில் பெண்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். பழைய மரபில் ஆண்கள் மட்டும்தான். ஒன்பது பேர் எவ்வளவு பெரிய பண்டிதர்களாக இருந்தாலும் ஒன்பது பேர்தான். பத்தாவதாக வாசலில் எட்டிப் பார்க்கிற ஆள் ஒன்றும் தெரியாதவராக இருக்கலாம், நேற்றுத்தான் கப்பலிலிருந்து இறங்கியவராக இருக்கலாம். அவர் உள்ளே வந்தால்தான் ஜெபம் நிறைவாக நடக்கும். அப்பாவை இழந்த ஒருவர் கதீஷ் சொல்ல வேண்டுமானால் சுற்றி இன்னும் ஒன்பது பேர் நிற்க வேண்டும். சாவுக்கு நாலு பேர் வேண்டும் என்று நம் வீடுகளில் சொல்வோமே, அந்தப் பயமும் அந்த நம்பிக்கையும் அவர்களிடம் சட்டமாகவே இருக்கிறது.

பினாங்கில் எண்ணிக்கை ஏன் குறைந்தது? ஜப்பானியப் படை வந்தபோது பலர் சிங்கப்பூருக்குப் போனார்கள். போர் முடிந்ததும் பிள்ளைகள் படிப்புக்கும் பிழைப்புக்கும் ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, இஸ்ரேல் என்று பிரிந்தார்கள். எழுபதுகளில் யூதர்களைப் பற்றி இங்கே வீசிய காற்றும் இதமாக இல்லை. காஸாவுக்காக நாம் அழுவது நியாயமான அழுகை. அந்த அழுகையைப் பினாங்கில் துணி விற்றும் ஹோட்டல் நடத்தியும் வாழ்ந்து மறைந்த இந்தச் சின்னக் கூட்டத்தின் மேல் கோபமாகத் திருப்ப வேண்டியதில்லை. அவர்களின் கல்லறைத் தோட்டம் இன்னும் இருக்கிறது. 1805இல் தொடங்கியது. அது இருக்கும் தெரு முன்பு ஜாலான் யஹூடி (யூதர் தெரு), இன்று ஜாலான் ஜைனால் அபிடின். புகழ்பெற்ற ஈ அண்ட் ஓ ஹோட்டலின் பொது மேலாளராக இருந்த டேவிட் மொர்டெகாய் 2011இல் காலமாகி அங்கேதான் அடக்கமானார்.

சரி, கோலாலம்பூரில் இறங்கிய நம் பொறியாளர் என்ன செய்வார்? பக்கத்தில் இருக்கும் ஜெப ஆலயம் சிங்கப்பூரில். வாட்டர்லூ தெருவில் 1878இல் திறந்த மகெய்ன் அபோத், ஆக்ஸ்லி ரைஸில் 1905இல் மனாசே மேயர் கட்டிய செசெத்எல் என்று அங்கே இரண்டு உண்டு. மகெய்ன் அபோத் இருக்கும் அதே வாட்டர்லூ தெருவில்தான் நம் கிருஷ்ணன் கோயிலும் இருக்கிறது. ஆனால் மார்க்கத்தைக் கண்டிப்பாகப் பின்பற்றுகிற யூதர் ஓய்வுநாளில் வண்டி ஏறமாட்டார். வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்குள் சிங்கப்பூர் போய்ச் சேர வேண்டும். சனிக்கிழமை நட்சத்திரம் தெரியும்வரை அங்கேயே தங்க வேண்டும். வாரா வாரம் நடக்கிற காரியமா இது? அதனால்தான் உலகம் முழுக்க யூதர்கள் ஜெப ஆலயத்துக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு பார்க்கிறார்கள். தெருவே சபையாக ஆகிறது. ஜெபம் முடிந்ததும் திராட்சை ரசமும் ரொட்டியும் பகிர்ந்துகொள்கிற வழக்கம் உண்டு. புதிய முகத்தை ‘இன்றைக்கு எங்கே சாப்பாடு?’ என்று கேட்டு வீட்டுக்குக் கூட்டிப்போவது அங்கேதான் நடக்கும்.

நடக்கிற தூரம் என்றதும் எனக்கு பிரிக்ஃபீல்ட்ஸ்தான் நினைவுக்கு வருகிறது. ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தவர்கள் கோயிலுக்குப் போக வண்டி தேடியதில்லை. ஸ்டேஷன் மாஸ்டராகவும் கிராணியாகவும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள், நல்லூரை மனத்தில் வைத்து, ஸ்காட் சாலையில் கந்தசுவாமி கோயிலை எழுப்பினார்கள்; அதன் தொடக்கம் 1902. அதற்கு முன்பே, 1894இல், சிங்களவர்களின் மகா விகாரை வந்துவிட்டது. 1904இல் விவேகானந்தா ஆசிரமம். 1924இல் தமிழ் லுத்தரன்களின் சீயோன் ஆலயம். கோயில்கள் நெருங்கி நின்றதால் ஒரு தெருவுக்கே ஜாலான் பெர்ஹாலா (சிலைத் தெரு) என்று பெயர் வந்தது. வந்தவர்கள் எல்லோரும் வெவ்வேறு மொழி, வெவ்வேறு ஊர், வெவ்வேறு சாமி. ஒருவருக்கொருவர் நடக்கிற தூரத்தில் இருந்தார்கள். யார் வீட்டில் குழந்தை பிறந்தது, யார் வீட்டில் காய்ச்சல் என்பது மணி அடிப்பதற்குள் தெருவுக்குத் தெரிந்துவிடும்.

இன்று அந்தப் பக்தர்கள் பெரும்பாலும் பூச்சோங்கிலும் காஜாங்கிலும் ஷா ஆலமிலும் வீடு வாங்கிப் போய்விட்டார்கள். கார் நிறுத்த இடம் கிடைத்தால் வருகிறார்கள், தீபாராதனை பார்க்கிறார்கள், கிளம்புகிறார்கள். நடந்து வருகிறவர்கள் இப்போது வேறு ஆட்கள்: வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் பரோட்டா போடுகிறவர், நகைக்கடையில் வேலை செய்கிறவர், முடிதிருத்தும் கடைத் தம்பி, கட்டுமான வேலைக்கு பெர்மிட்டில் வந்தவர். பட்டுக்கோட்டை, பரமக்குடி, சிவகங்கைப் பக்கம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏதாவது ஒரு கோயிலில் பதினைந்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். கடையின் பெயர் அச்சடித்த டீ-சட்டையோடு ஒரு பையன் தூணோரம் நிற்பான். வயது இருபத்திரண்டு இருக்கும். கை நெற்றியெல்லாம் எண்ணெய்ச் சூடு பட்ட தழும்பு. திருநீறு வாங்கிக்கொள்வான். பிரசாதம் கொடுக்கிற இடத்தில் வரிசையில் கடைசியாக நின்று சர்க்கரைப் பொங்கலைத் தொன்னையில் வாங்கிக்கொண்டு, கால் கழுவுகிற குழாய்ப் பக்கம் போய் உட்காருவான். கைபேசியை எடுத்து அம்மாவுக்குக் கோபுரத்தைக் காட்டுவான். அரை மணி நேரத்தில் திரும்பக் கடைக்குப் போக வேண்டும். அதுவரை அவனிடம் ஒருவர்கூட ‘தம்பி, எந்த ஊர்?’ என்று கேட்டிருக்க மாட்டார்.

அவனை யாரும் விரட்டவில்லை என்பது உண்மை. நம் கோயில் வாசல் திறந்துதான் இருக்கிறது. அந்தத் திறந்த வாசலே போதும் என்று நாம் இருந்துவிடுகிறோம். குருக்கள் ஒருவர் இருந்தால் நம் பூஜை நடந்துவிடும். பத்தாவது ஆள் வந்தானா என்று யாரும் வாசலைப் பார்க்க வேண்டியதில்லை. யூதர்களுக்குப் புதியவர் ஒரு தேவை. நமக்கு அவர் கூட்டத்தில் ஒருவர். எண்ணிக்கை கட்டாயமாக இல்லாத இடத்தில் வரவேற்பை மனிதர்களாகப் பார்த்துச் செய்ய வேண்டும். சட்டம் நமக்காகச் செய்யாது.

மற்ற வாசல்களில் சில வழிகள் இருக்கின்றன. தமிழ்த் திருச்சபைகள் பலவற்றில் ஞாயிறு ஆராதனையின்போது ‘முதல் தடவை வந்தவர்கள் எழுந்து நில்லுங்கள்’ என்று அழைத்துப் பெயர் கேட்பார்கள். கூச்சமாகத்தான் இருக்கும், ஆனால் வெளியே வரும்போது நாலு பேர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். மஸ்ஜித் இந்தியாவில் வெள்ளிக்கிழமைக் குத்பா தமிழில் நடக்கிறது. ராமநாதபுரத்திலிருந்து வந்தவருக்குத் தன் மொழியில் ஒரு சொல் காதில் விழுவதே பாதி ஊர் வந்த மாதிரி. குருத்வாராவில் லங்கர் இருக்கிறது: தரையில் பந்தி, பக்கத்தில் யார் என்று கேள்வி கிடையாது, சாப்பிட்டவர் எழுந்து பாத்திரம் கழுவப் போகலாம். அந்தக் கடைசி விஷயத்தைத்தான் நாம் கவனிக்க வேண்டும். விருந்தாளியாகவே வைத்திருந்தால் ஒருவர் கடைசிவரை விருந்தாளிதான். கையில் ஒரு வேலை கொடுத்தால் வீட்டு ஆள்.

யூதர்களையே உயர்த்திப் பேசி முடித்துவிடவும் மனம் வரவில்லை. நமக்குப் பக்கத்திலேயே, கொச்சி மட்டாஞ்சேரியில், 1568இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயம் இருக்கிறது. ஸ்பெயினிலிருந்தும் வேறு நாடுகளிலிருந்தும் துரத்தப்பட்டு வந்தவர்கள் கட்டியது. அடைக்கலம் தேடி வந்த அவர்களே, அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்களின் வாரிசுகளைத் தங்கள் நடுவில் சமமாக உட்கார விடவில்லை. நீல ஓடு பதித்த தரை, தொங்கும் கண்ணாடி விளக்குகள், நடுவில் வாசிப்பு மேடை, எல்லாம் அழகு. அந்த அழகுக்குள் ஒருவரை வாசலோரம் ஒதுக்கி வைத்தார்கள். ஆபிரகாம் பராக் சேலம் என்பவர் அதை எதிர்த்தார். சென்னையில் சட்டம் படித்த வழக்கறிஞர். காந்தியின் வழியில் உட்கார்ந்து போராடினார். யூத காந்தி என்றே பெயர் வாங்கினார். உரிமை ஒரே நாளில் கிடைக்கவில்லை, பல வருடம் இழுத்துக்கொண்டு போனது. பிறகு, இஸ்ரேல் உருவானதும், கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் கப்பல் ஏறினார்கள். பத்துப் பேரைச் சேர்க்கவே திண்டாடுகிற காலம் அங்கேயும் வந்தது. வரிசையில் பின்னால் நிறுத்தியவர்களும் நின்றவர்களும் கடைசியில் ஒரே எண்ணிக்கைக்காகத் தவித்தார்கள்.

இந்த மண்ணிலும் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர், தோட்டத்துக்காரர், பட்டணத்துக்காரர் என்று கோடுகள் இருந்தன. பெரியவர்கள் பலருக்கு அது நன்றாக நினைவிருக்கும். இப்போது ‘நம்ம ஆள்’, ‘ஊர்லேர்ந்து வந்த ஆள்’ என்று புதிய கோடு ஒன்று விழுந்திருக்கிறது. அடையாள அட்டையின் நிறத்தைப் பார்த்து விழுகிற கோடு. பாட்டன் எந்தக் கப்பலில், எந்தக் கங்காணியின் கையெழுத்தில் வந்தார் என்பதை மறந்தவர்கள்தான் இந்தக் கோட்டைப் போட முடியும். கோயிலுக்குள் அதற்கு இடம் கொடுப்பது தவறு என்று அழுத்தமாகவே சொல்கிறேன்.

கோயில் நிர்வாகத்தினரிடம் நான் கேட்பது பெரிய காரியம் எதுவும் இல்லை. அறிவிப்புப் பலகையில் உபயக்காரர் பட்டியலுக்குப் பக்கத்தில், ‘புதிதாக வந்தவர்கள் பேச’ என்று ஒரு தொண்டரின் பெயரும் எண்ணும் போடுங்கள். வெள்ளிக்கிழமைக்கு ஒருவர் என்று முறை வைத்து, தனியாக நிற்கிறவரிடம் போய்ப் பேசச் சொல்லுங்கள். சம்பளம் வராமல் நிற்பவர், கடப்பிதழை முதலாளி பிடித்து வைத்திருப்பவர், ஊரில் அப்பா செத்த செய்தி வந்து லீவு கிடைக்காதவர், இப்படி எத்தனையோ பேர் அந்தத் தூணோரம்தான் நிற்கிறார்கள். அடுத்த புரட்டாசி சனிக்கிழமை கிள்ளான் சுந்தரராஜப் பெருமாள் கோயிலில் அன்னதானத்துக்குக் காய்கறி நறுக்க ஆள் தேவைப்படும். கடை விடுமுறையில் இருக்கிற அந்தத் தம்பியைக் கூப்பிடுங்கள். தேர்வடத்தில் கை வைக்கக் கூப்பிடுங்கள். பரோட்டா மாவு பிசைகிறவனுக்குப் பந்தி பரிமாறத் தெரியாதா?

அடுத்த இதழில் கிள்ளானுக்குப் போகிறோம்: தெங்கு கிளானா சாலை, 1928இல் எழுந்த லூர்து மாதா ஆலயம், அங்கே தோட்டங்களிலிருந்து மாட்டு வண்டியிலும் சைக்கிளிலும் வந்து கூடிய தமிழ்க் கத்தோலிக்கர்கள். அதற்குள் உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த ஊருக்கு வந்த புதிதில் எந்தக் கோயிலில், எந்தப் பள்ளிவாசலில், எந்தத் திருச்சபையில் உங்களிடம் முதலில் பேசியவர் யார், என்ன கேட்டார் என்பதை எழுதி அனுப்புங்கள். பாட்டியோ தாத்தாவோ சொன்ன கதையாக இருந்தாலும் சரி. இந்த வெள்ளிக்கிழமை நீங்கள் யாரிடம் போய்ப் பேசினீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.