ஒரே பந்தியில்



ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அன்பு, பொறுமை, மன்னிப்பு என்று கேட்கிறோம். திங்கட்கிழமை விடியற்காலைப் பெரட்டுக்கு அவை நம்மோடு வருகின்றனவா?

தேவசகாயம் பிள்ளையின் வரலாற்றைக் கேளுங்கள். 1712-ஆம் ஆண்டு, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில் பிறந்தவர். நீலகண்டன் என்பது இயற்பெயர். திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர். குடும்பத்தில் இழப்புகள் நேர்ந்து அவர் மனமுடைந்திருந்தபோது, டிலனாய் என்பவர் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார். யாவும் இழந்தும் நம்பிக்கையை விடாதவர் யோபு. 1745-இல் வடக்கன்குளத்தில் நீலகண்டன் ஞானஸ்நானம் பெற்றார்.

அதன்பின் சாதி பாராமல் எல்லாரோடும் பழகினார். பலருக்கு அது பொறுக்கவில்லை. 1749-இல் சிறைப்பட்டார், எருமை மீதேற்றி அவமானப்படுத்தினார்கள். 1752 ஜனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

நம் முன்னோர் கப்பலேறியபோது சாதியும் கூடவே ஏறி வந்தது. இன்றும் கல்யாண வீட்டுப் பந்தியில், பெண் கொடுப்பதில் அது தலைகாட்டுகிறது. நற்குணம் பால்வெட்டும் கையைப் போன்றது. மரத்தைக் காயப்படுத்தாமல் பட்டையை வெட்ட, கை நாள்தோறும் பழக வேண்டும், மனமும் அப்படியே. அடுத்த வீட்டாரோடு சண்டையா? இன்றே நாம் முதலில் பேசுவோம். ஒதுக்கப்பட்டவர் அருகில் நாமே இலை போட்டு உட்காருவோம். பிள்ளைகள் நாம் சொல்வதையல்ல, நாம் யார் பக்கத்தில் உட்காருகிறோம் என்பதையே பார்த்துக் கற்கிறார்கள்.