ஓவியத்தில் ஊசியும் கத்தரிக்கோலும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே, தஞ்சை ஓவியர் கிழக்கிந்தியக் கும்பினி அலுவலருக்காகத் தொழிலாளர் படத்தொகுதிகள் பல வரைந்தனர். தாள் ஒன்றுக்கு ஒரு தொழில். கணவனும் மனைவியும் தொழிற்கருவியோடு காணப்படுவர். திருச்சிராப்பள்ளியிலோ இத்தகைய படங்கள் அப்பிரகத் தகட்டிலும் எழுதப்பட்டன.

குயவனுக்குச் சக்கரத்தையும் தச்சனுக்கு உளியையும் எளிதிற் காட்டலாம். தையற்காரனை எங்ஙனம் காட்டுவது? ஊசியை அதன் அளவிலேயே வரைந்தால் மயிரிழை போன்றதொரு கோடே எஞ்சும். ஆதலின் கத்தரிக்கோலையும், மடிமேற் கிடக்கும் துணியையும், நூலை இழுத்து உயரும் கையையும் கொண்டே அவன் தொழிலை அறிவித்தல் வேண்டும். விரல்களின் மடிப்பைக் கண்டு ஊசியை உய்த்துணர்வது காண்போர் கடன். ஓவியத் திறன் விளங்குமிடம் அதுவே.

இத்தொகுதிகள் சில இன்று இலண்டன் விக்ரோறியா அல்பேட் நூதனசாலையில் உள்ளன. தொழிலின் பெயரை அவற்றில் அறியலாம். தைத்தவன் பெயரும் வரைந்தவன் பெயரும் பெரும்பாலும் அறியப்படவில்லை.