எண்ணெய் படிந்த கிணறுகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரியிற் பெய்யும் மழையைச் சுண்ணக்கற் பாறை உள்வாங்கி வைத்திருக்கின்றது. அதனையே அன்று துலாவாலும் இன்று நீரிறைக்கும் இயந்திரத்தாலும் எடுத்துக் குடிக்கின்றோம், தோட்டத்துக்கும் பாய்ச்சுகின்றோம். ஆதலால், சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதக்கின்றது என்ற செய்தி பரவியபோது, வாளியோடு நீர்த்தாங்கி வண்டிக்குக் காத்து நின்றவர்களின் கலக்கம் வீண் கலக்கமன்று.

தேசிய மின்வலையோடு இணைப்பில்லாதிருந்த ஆண்டுகளில் குடாநாட்டுக்கு மின்சாரம் தந்தவை டீசல் இயந்திரங்களே. சுன்னாகத்து மின்னிலைய வளவிலிருந்து கழிவெண்ணெய் நிலத்துட் கசிந்தது என்பதே மக்களின் முறைப்பாடு. ஆய்வாளர் கூற்றுகளோ தம்முள் முரண்பட்டன. 2015ஆம் ஆண்டு தொடுக்கப்பட்ட வழக்கில், 2019ஆம் ஆண்டு ஏப்பிரல் 4ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசு செய்தவனே அதன் செலவை ஏற்றல் வேண்டும் என்னும் நெறியின்படி, அங்கு இயங்கிய தனியார் மின்னுற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்குமாறு பணிக்கப்பட்டது. நீதி கிடைத்தது, நீர் தூய்மையாவது எவ்வாறு?

கிணற்றை ஒரு முறை வற்ற இறைத்துச் சேற்றை அள்ளிவிட்டாற் போதும் என்று எண்ணுவோர் பலர். போதாது. டீசல் நீரினும் அடர்த்தி குறைந்தது. நிலத்தில் ஊற்றிய எண்ணெய் மண் துளைகளிற் பற்றிக்கொண்டு மெல்ல இறங்கி, நிலத்தடி நீரின் மேற்பரப்பை அடைந்ததும் அங்கே பரந்து மிதக்கும். நாம் கிணற்றிற் காண்பது அதன் ஓரத்தையே. முதல் இருப்பது கசிந்த இடத்து மண்ணில். அம்மண் அகற்றப்படாதவரை ஒவ்வொரு மழையும் புதிதாக எண்ணெயைக் கழுவி இறக்கும்.

கண்ணுக்குத் தெரியும் படலத்தினும் கொடியது கண்ணுக்குத் தெரியாமற் கரைந்திருக்கும் பென்சீன். எரிபொருள்களிற் காணப்படும் இது புற்றுநோயை விளைவிக்க வல்லது. குடிநீரில் லீற்றருக்கு 10 மைக்கிரோகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அதாவது, 1 கிராம் பென்சீன் 1 இலட்சம் லீற்றர் நீரை அந்த எல்லைக்குக் கொண்டுவந்துவிடும். இத்தகைய நீரைத் துணியில் வடிப்பதாற் பயனில்லை. கொதிக்க வைத்தால் நஞ்சு ஆவியாகி அடுக்களைக் காற்றிற் கலக்கும். டீசலின் கனமான பகுதிகளோ பானையிலேயே தங்கும். தாய்மார் இதனைக் கருத்திற் கொள்வாராக.

துப்புரவு செய்யும் முறைகள் பல உள. மேலாக உள்ள மண்ணைத் தோண்டியெடுத்துப் பரப்பி, உரமும் ஈரமுமிட்டுக் கிளறிவரின், மண்ணிலுள்ள பற்றீரியாக்கள் எண்ணெயை உணவாகக் கொண்டு காபனீரொட்சைட்டாகவும் நீராகவும் மாற்றும். தோண்டவியலா ஆழத்திற் குழாய் இறக்கிக் காற்றுச் செலுத்துவர். மிதக்கும் எண்ணெயை வழித்தெடுத்து, கரைந்ததை உயிர்ப்பூட்டிய கரியினூடாக வடிப்பர்.

பற்றீரியாக்களின் ஆற்றலை நன்கு காட்டியது அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துப் பெமிஜி என்னும் ஊர். 1979ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் அவ்வூருக்கு அண்மையில் எண்ணெய்க் குழாய் வெடித்து, ஏறக்குறைய 17 இலட்சம் லீற்றர் மசகெண்ணெய் கொட்டியது. பெரும்பகுதியை அள்ளியும், ஏறக்குறைய 4 இலட்சம் லீற்றர் நிலத்துள் தங்கிவிட்டது. 1983ஆம் ஆண்டு தொடக்கம் அறிஞர் அவ்விடத்தை ஆராய்ந்து வருகின்றனர். ஒட்சிசன் தீர்ந்த பின்னும் வேறு பற்றீரியாக்கள் இரும்புச் சேர்வைகளின் துணைகொண்டு எண்ணெயைச் சிதைத்தமையால், நீரோட்டத்தின் வேகத்துக்கேற்ற தொலைவுக்குப் பென்சீன் பரவவில்லை. எனினும் பல பத்தாண்டுகளுக்குப் பின்னும் எண்ணெய் அங்கே எஞ்சியிருந்தது.

அது மணற்பாங்கான நிலம். நீர் அங்கு ஒழுங்காகச் செல்லும். நமதோ வெடிப்பும் குகையும் நிறைந்த சுண்ணக்கல். புத்தூர் நிலாவரைக் கிணற்றைக் கண்டோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. எந்த வெடிப்பின் வழியே நீர் எங்கே செல்லும் என்று கூறுதல் அரிது. அடுத்த வளவுக் கிணறு தப்ப, அப்பாலுள்ளது கெடலாம். மேலும், நமது நன்னீர் உவர் நீரின் மேல் ஒரு வில்லைபோல மிதப்பது. தூய்மை செய்வதாகச் சொல்லி மிகுதியாக இறைப்பின், எண்ணெய் போகுமுன் உப்பு மேலெழும். ஆகவே மின்னிலைய வளவில் மாசுற்ற மண்ணைக் கண்டறிந்து அகற்றுவதே முதற் பணி என்பது எம் துணிபு. கிணறு இறைப்பதற்குக் கொடுக்கும் பணம் அதற்கு ஈடாகாது.

கிணற்று நீரைச் சோதிப்பிக்க விரும்புவோர் ஒரு முறையோடு நின்றுவிடலாகாது. மாரியில் நீர்மட்டம் உயரும்போது மண்ணில் ஒட்டியிருந்த எண்ணெய் மீண்டும் கிளம்பும். கோடையில் நீர்மட்டம் தாழ்கையில் அதுவும் உடன் இறங்கிப் புதிய படையொன்றிற் பூசிக்கொள்ளும். மார்கழியில் எடுத்த நீரின் அறிக்கை ஆவணி நீருக்குச் சான்றாகாது.